போனில் எந்த ஆப் போடலாம்? நான் எல்லோருக்கும் போட்டுக்கொடுப்பவை

ப்ளே ஸ்டோரில் 'வீடியோ பிளேயர்' என்று தேடினால் வந்து விழும் பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றும். எல்லாவற்றுக்கும் நாலரை ஸ்டார், எல்லாமே லட்சக்கணக்கில் டவுன்லோடு, எல்லாவற்றின் பெயரிலும் ஒரு 'ஹெச்டி' அல்லது 'ப்ரோ'. இதில் எதைப் போடுவது என்று சொந்தக்காரர்களும் கூட வேலை பார்ப்பவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நானும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன். ஆண்ட்ராய்டு போனை மனதில் வைத்து எழுதியது. ஐபோனிலும் கிடைப்பதை அங்கங்கே சொல்கிறேன்.

நான் முதலில் பார்ப்பது ஸ்டார் எண்ணிக்கையை இல்லை. அந்த ஆப் செய்கிற வேலைக்கும் அது கேட்கிற அனுமதிக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்பதைத்தான். டார்ச் அடிக்க வந்த ஆப்புக்கு நீங்கள் எந்த ஊரில் எந்தத் தெருவில் நிற்கிறீர்கள் என்பது எதற்கு? இது வெறும் சந்தேகம் இல்லை. 2013-இல் அமெரிக்க அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி, கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய ஒரு டார்ச் ஆப், ஆட்களின் இருப்பிடத்தையும் போனின் அடையாள எண்ணையும் விளம்பரக் கம்பெனிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததைப் பிடித்து நடவடிக்கை எடுத்தது. அதற்கு அடுத்த வருடம் வந்த ஆண்ட்ராய்டு 5-லேயே டார்ச் பட்டன், மேலிருந்து இழுத்தால் வரும் பட்டியலுக்குள் வந்துவிட்டது. இன்றைக்கும் தனியாக டார்ச் ஆப் வைத்திருக்கும் போன்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கியூஆர் ஸ்கேனரும் அப்படித்தான், இப்போது வரும் பெரும்பாலான போன்களில் கேமராவைக் காட்டினாலே படித்துவிடும், இல்லாவிட்டால் கூகுள் லென்ஸ் படிக்கும். ஸ்க்ரீன் ரெக்கார்டர் ஆண்ட்ராய்டு 11-இலிருந்து போனுக்குள்ளேயே இருக்கிறது. இந்த மூன்றுக்கும் போட்ட ஆப்களை நீக்கினாலே பாதி விளம்பரத் தொல்லை போய்விடும்.

சரி, போட வேண்டியவற்றுக்கு வருவோம். வீடியோ பார்க்க முதல் ஆப் விஎல்சி. ஆரஞ்சு வெள்ளைக் கோடு போட்ட சாலைக் கூம்பு படம் இருக்குமே, அதுதான். 1996-இல் பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் ப்ராஜெக்டாக ஆரம்பித்தது, 2001-இல் திறமூலமாக, அதாவது நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்து மாற்றலாம் என்ற உரிமையோடு வெளியிடப்பட்டது, இன்றைக்கும் வீடியோலேன் என்ற லாப நோக்கமில்லாத அமைப்புதான் நடத்துகிறது. விளம்பரம் கிடையாது, காசு கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது. விளம்பரம் சேர்க்கச் சொல்லிக் கோடிக்கணக்கில் பணம் தர வந்தவர்களுக்கெல்லாம் முடியாது என்று சொல்லிவிட்டவர்கள் இவர்கள். 2025 ஜனவரியில் மொத்த டவுன்லோடு 600 கோடியைத் தாண்டியதாக அறிவித்தார்கள்.

இந்தியாவில் இதற்கு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2022 தொடக்கத்தில் வீடியோலேன் இணையதளம் இங்கே முடக்கப்பட்டது. யார் உத்தரவு, என்ன காரணம் என்று அவர்களுக்கே யாரும் சொல்லவில்லை. இணைய உரிமைகளுக்காகப் போராடும் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் துணையோடு சட்டப்படி நோட்டீஸ் அனுப்பிய பிறகு, அந்த ஆண்டு நவம்பரில்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் விஎல்சி என்று தேடி, கண்ட கண்ட இணையதளங்களிலிருந்து இறக்கிக்கொண்டவர்கள் எத்தனை பேரோ. போனில் போடுவதற்கு ப்ளே ஸ்டோரோ ஆப் ஸ்டோரோ போதும்.

என்ன விசேஷம் என்று கேட்டால், எந்த ஃபைலைக் கொடுத்தாலும் ஓடும். பென் டிரைவில் யாரோ கொடுத்த பழைய படம், கல்யாண வீடியோகிராபர் கொடுத்த பெரிய எம்ஓவி ஃபைல், பத்து வருடம் முன்னால் சிடியிலிருந்து எடுத்து வைத்த டேட் ஃபைல், எல்லாம். சில பிளேயர்களில் படம் ஓடும், சத்தம் வராது, கவனித்திருப்பீர்கள். ஏசி3, டிடிஎஸ் மாதிரி ஒலி வடிவங்களுக்கு உரிமக் கட்டணச் சிக்கல் உண்டு என்பதால் சில கம்பெனிகள் அதை எடுத்துவிடுகின்றன. விஎல்சியில் அந்தப் பிரச்சினை இல்லை. திரையின் இடது ஓரத்தில் விரலை மேலே கீழே இழுத்தால் வெளிச்சம், வலது ஓரத்தில் இழுத்தால் சத்தம். சத்தம் குறைவாகப் பதிவான பழைய வீடியோவுக்கு, செட்டிங்ஸில் ஆடியோ பூஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, அதை ஆன் செய்தால் நூறு சதவீதத்துக்கு மேலேயும் ஏற்றிக்கொள்ளலாம். அந்தக் காலத்து கேசட்டிலிருந்து மாற்றிய பேச்சுகளைக் கேட்பவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே விஎல்சி போட்டுக்கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் சப்டைட்டில். வசனம் முன்னே போகிறது எழுத்து பின்னால் வருகிறது என்றால் வேறு ஃபைல் தேடி அலைய வேண்டாம். படம் ஓடும்போது திரையைத் தொட்டு, சப்டைட்டில் குறியை அழுத்தி, 'டிலே' என்பதற்குள் போய், கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பாருங்கள், சரியாகிவிடும். புளூடூத் ஹெட்போனில் உதட்டசைவும் சத்தமும் ஒட்டாமல் போனால் அதேபோல ஆடியோவையும் தள்ளலாம். தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வந்தால், பெரும்பாலும் அந்த ஃபைல் யூனிகோடில் சேமிக்கப்படாத பழைய ஃபைலாக இருக்கும். அதை விஎல்சி சரிசெய்யாது, வேறு ஃபைல்தான் தேட வேண்டும். ஐபோன்காரர்களுக்கு இன்னொன்று: விஎல்சியில் வைஃபை ஷேரிங்கை ஆன் செய்தால் ஒரு முகவரி காட்டும், அதைக் கணினியின் பிரவுசரில் அடித்து வீடியோவை இழுத்துப் போட்டால் போனுக்குள் போய்விடும். ஐடியூன்ஸோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பாட்டுக்கு விஎல்சி வேண்டாம், ஓடும், ஆனால் பாட்டு கேட்பதற்கென்றே இருக்கும் வசதி அதில் குறைவு. அதற்கு மியூசிகோலெட். இந்தியாவில் உருவானது, விளம்பரம் இல்லை, எனக்கு இதில் பிடித்த முதல் விஷயம் இதற்கு இன்டர்நெட் அனுமதியே கிடையாது. அதாவது நினைத்தாலும் உங்கள் போனிலிருந்து எதையும் வெளியே அனுப்ப அதனால் முடியாது. மெமரி கார்டில் இளையராஜா ஒரு ஃபோல்டர், எம்எஸ்வி ஒரு ஃபோல்டர், ரஹ்மான் ஒரு ஃபோல்டர், பக்திப் பாட்டு தனி என்று வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் நம்மில் நிறைய பேர், அவர்களிடம் ஆல்பம், ஆர்டிஸ்ட் என்று பிரித்துக் காட்டும் ஆப்பைக் கொடுத்தால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் இறக்கிய இணையதளத்தின் பெயர்தான் பல பாட்டுகளில் ஆர்டிஸ்ட் இடத்தில் உட்கார்ந்திருக்கும். மியூசிகோலெட் ஃபோல்டரை ஃபோல்டராகவே காட்டும். அந்தக் குப்பைப் பெயர்களை வேண்டுமானால் அதற்குள்ளேயே திருத்தலாம், ஒரு ஃபோல்டரையே மொத்தமாகத் தேர்ந்தெடுத்துத் திருத்தவும் முடியும்.

இன்னொரு வசதி, ஒரே நேரத்தில் பல வரிசைகள் வைத்துக்கொள்ளலாம். காலையில் சுப்ரபாதம் ஓடிக்கொண்டிருந்த இடம் அப்படியே இருக்கும், பஸ்ஸில் கேட்ட பாட்டு நின்ற இடமும் தனியாக இருக்கும், ஒன்று இன்னொன்றைக் கலைக்காது. ஹெட்போன் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் நிற்கும், இரண்டு தடவை அடுத்தது, மூன்று தடவை முந்தையது. தூங்கும்போது நிறுத்த டைமர். ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான் இருக்கிறது, ஐபோன்காரர்களுக்கு இந்த அளவுக்கு ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

பாட்காஸ்ட் கேட்பவர்களுக்கு ஆன்டெனாபாட். இதுவும் திறமூலம்தான், தன்னார்வலர்கள் நடத்துவது. நிகழ்ச்சியைச் சேர்த்து, தானாக இறக்குவதை செட்டிங்ஸில் ஆன் செய்துவிட்டால் வைஃபையில் இருக்கும்போது தானே இறக்கி வைத்துக்கொள்ளும், ரயிலில் சிக்னல் இல்லாத இடத்திலும் கேட்கலாம். பேச்சுக்கு நடுவே வரும் மௌனத்தைத் தாண்டிப் போகும் வசதி உண்டு, நிதானமாக இழுத்துப் பேசுபவர்களுக்கு இது பெரிய உதவி. ஒரு குறை: சில நிகழ்ச்சிகள் ஏதாவது ஒரு தளத்தில் மட்டுமே வரும்படி ஒப்பந்தம் போட்டிருப்பார்கள், அவை இதில் கிடைக்காது.

வானொலிக்கு பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் ஆப். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் திருச்சி, மதுரை, கொடைக்கானல் நிலையங்களைக் கேட்க இது போதும். உலக உருண்டையைச் சுழற்றி ஒவ்வொரு ஊரின் வானொலியாகக் கேட்கும் ரேடியோ கார்டன் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வருவது, 2016-இலிருந்து இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இப்போது அன்றாட வேலைகளுக்கு வருகிறேன். ரேஷன் கார்டு, மார்க் ஷீட், பத்திரம் எதையாவது ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னால் நம் ஆட்கள் முதலில் தேடுவது ஸ்கேனர் ஆப். பழக்கப்பட்ட பெயர் கேம்ஸ்கேனர். 2019 ஆகஸ்ட்டில் அதன் ஆண்ட்ராய்டு ஆப்புக்குள் இருந்த விளம்பர நிரலில் தீங்கான பகுதி இருப்பதை காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் கண்டுபிடித்தது, கூகுள் அதைக் கடையிலிருந்து எடுத்தது, பிறகு சரிசெய்யப்பட்டுத் திரும்பி வந்தது. 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று, ஷேர்இட், ஸெண்டர், இஎஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் எல்லாம் அதே பட்டியலில்தான். இன்னும் யாரோ அனுப்பிய பழைய ஃபைலை வைத்து இவற்றை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. கூகுள் டிரைவைத் திறந்து கேமரா குறியை அழுத்தினால் அதுவே ஸ்கேனர். ஓரத்தைத் தானே கண்டுபிடித்து வெட்டும், நிழலை எடுக்கும், பல பக்கங்களை ஒரே பிடிஎஃப் ஆக்கும். ஐபோனில் நோட்ஸ் ஆப்புக்குள்ளேயே இந்த வசதி இருக்கிறது. காகிதத்தை வெள்ளைத் தரையில் வைக்காமல் கொஞ்சம் கருமையான மேஜை மேல் வைத்து எடுத்தால் ஓரம் சரியாகப் பிடிபடும்.

ஸ்கேனை விடப் பெரிய தலைவலி, விண்ணப்பப் படிவங்கள் கேட்கும் கேபி கணக்கு. வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும், போட்டோ 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். இன்றைய போனில் எடுக்கும் ஒரு போட்டோவே நாலைந்து எம்பி. இதைக் குறைப்பதற்காக ஏதோ ஒரு இணையதளத்தில் முகத்தையும் கையெழுத்தையும் சேர்த்து ஏற்றிவிட்டு வருகிறோம், அங்கே அது எத்தனை நாள் கிடக்கும், யார் கையில் போகும் என்று யோசிப்பதில்லை. இமேஜ் டூல்பாக்ஸ் என்று ஒரு திறமூல ஆப் இருக்கிறது, இந்த வேலையைப் போனுக்குள்ளேயே முடித்துவிடும். படத்தைத் தேர்ந்தெடுத்து, எத்தனை கேபிக்குள் வர வேண்டும் என்று எண்ணை அடித்தால் அந்த அளவுக்குள் கொண்டுவந்து கொடுக்கும். அகல உயரமும் கேட்டிருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுப் பிறகு கேபியைக் குறையுங்கள், தலைகீழாகச் செய்தால் முகம் புள்ளி புள்ளியாகிவிடும். ஆப்பைத் திறந்ததும் ஐம்பது விதமான கருவிகளைக் காட்டி மிரட்டும். மேலே உள்ள தேடலில் 'ரீசைஸ்' என்று அடித்து நேராக அங்கே போய்விடுங்கள்.

ஷேர்இட் போன பிறகு ஃபைல் அனுப்ப என்ன என்று கேட்பவர்களுக்கு: ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு என்றால் போனிலேயே இருக்கும் குவிக் ஷேர் போதும். போனிலிருந்து லேப்டாப்புக்கோ, ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கோ என்றால் லோக்கல்செண்ட். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றுக்கும் இருக்கிறது, இலவசம். இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், வைஃபை இல்லையா, ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இன்னொன்றை அதில் சேர்த்தால் போதும், டேட்டா செலவாகாது, ஃபைல் வெளியே எங்கும் போகாது. வாட்ஸ்அப்பில் அனுப்பி போட்டோவின் தரத்தைக் கெடுப்பதற்கு இது எவ்வளவோ மேல். கல்யாண வீட்டில் எல்லோரும் எடுத்த போட்டோவை ஒரே லேப்டாப்பில் சேர்க்க இதைத்தான் பயன்படுத்துகிறோம்.

இந்தப் பட்டியலில் ஒரே ஒரு ஆப்தான் போடுவேன் என்று சொல்பவருக்கு, வீட்டில் காது மந்தமான பெரியவர் இருந்தால், நான் சொல்வது லைவ் டிரான்ஸ்க்ரைப். கூகுளின் ஆப், 2019-இல் வந்தது, செவித்திறன் இல்லாதவர்களுக்கான வாஷிங்டன் காலடெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கினார்கள். இதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவரான டிமிட்ரி கனேவ்ஸ்கி என்ற ஆய்வாளர் சின்ன வயதிலேயே கேட்கும் திறனை இழந்தவர். எதிரில் இருப்பவர் பேசப் பேச, பேச்சு எழுத்தாகத் திரையில் ஓடும். தமிழும் உண்டு.

எங்கள் பெரியப்பாவுக்கு ஹியரிங் எய்டு இருக்கிறது, ஆனால் நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்து உள்ளே தள்ளுவதால் கழற்றி வைத்துவிடுவார். அப்புறம் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார். அவருடைய போனில் இதைப் போட்டு, எழுத்தை ஆகப் பெரிதாக்கி, அவர் முன்னால் மேஜையில் சாய்த்து வைத்தோம். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகணும், நீங்களும் வரீங்களா?" என்று கேட்டார். வார்த்தை ஒவ்வொன்றாகத் திரையில் ஏறியது, பெரியப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வேணாம், சனிக்கிழமை போகலாம், வெள்ளிக்கிழமை ஈபி பில்லு கட்டணும்" என்றார். ரொம்ப நாளைக்கு அப்புறம், யாரும் கத்தாமல், அவர் ஒரு கேள்விக்கு முழுசாகப் பதில் சொன்னார்.

இதைப் போடும்போது செய்ய வேண்டியவை. முதல் மொழியைத் தமிழ் என்றும் இரண்டாவதை இங்கிலீஷ் என்றும் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு தொடுதலில் மாற்றிக்கொள்ளலாம். எழுத்தளவைக் கூட்டுங்கள். யாராவது அவர் பெயரைச் சொன்னால் போன் அதிரும்படி வைக்கலாம், அதையும் போட்டுவிடுங்கள். நெட் இருக்கும் இடத்தில் வைத்துப் பயன்படுத்துங்கள். பேசுகிறவர் போனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எழுத்து கலங்கிவிடும், வேகமாகப் பேசும் வட்டாரப் பேச்சில் சில சொற்கள் மாறி விழும், பேச்சை எழுத்தாக்கும் எந்த மென்பொருளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அதனால் மாத்திரைப் பெயரையும் அளவையும் மட்டும் திரையை நம்பி விடாமல் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். சில போன்களில் இது செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி என்ற பகுதிக்குள் ஏற்கெனவே இருக்கும், தேடிப் பார்த்துவிட்டு இல்லாவிட்டால் ப்ளே ஸ்டோரிலிருந்து இறக்குங்கள்.

தமிழில் தட்டுவதற்குப் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கும் ஜிபோர்டே போதும். மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக வருவது, நேரடித் தமிழ் விசை, விரலால் எழுதுவது, பேசி எழுதுவது எல்லாம் கிடைக்கும். தமிழ்99 பழகியவர்களும் அஞ்சல் முறையில் அடிப்பவர்களும் செல்லினம் போட்டுப் பாருங்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது, ஸ்மார்ட்போன் என்ற ஒன்று நம் கைக்கு வருவதற்கு முன்பே, 2005-லேயே பட்டன் போனில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. தமிழுக்கென்றே யோசித்து அமைத்த விசை என்பது தட்டும்போதே தெரியும்.

படிப்பவர்களுக்கு: மதுரைத் திட்டத்திலும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்திலும் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் நூல்களை, இபப் வடிவம் (திரைக்குத் தகுந்தபடி வரிகள் மாறி அமையும் மின்நூல்) இருந்தால் அதில் இறக்கி, லிப்ரெரா என்ற ஆப்பில் திறந்தால் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம், கண் வலித்தால் வாசித்துக் காட்டவும் சொல்லலாம். பழைய பிடிஎஃப்கள் வெறும் படங்களாக இருக்கும், அவற்றில் வாசிப்பு வேலை செய்யாது.

வழி காட்ட கூகுள் மேப்ஸ் எல்லோரிடமும் இருக்கிறது, டிராஃபிக் பார்க்க அதற்கு ஈடு இல்லை. ஆனால் கொல்லிமலை, வால்பாறை பக்கம் போகும்போது சிக்னல் போனால் என்ன செய்வது? ஆர்கானிக் மேப்ஸ் போட்டு, கிளம்புவதற்கு முன்னால் வீட்டு வைஃபையில் தமிழ்நாட்டு வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். 2021-இல் தொடங்கியது, மக்களே சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைக் கொண்டு இயங்குவது, கண்காணிப்பு இல்லை, விளம்பரம் இல்லை. நடைபாதை, ஒற்றையடிப் பாதை, மேடு பள்ளம் எல்லாம் இதில் நன்றாகத் தெரியும். கடைப் பெயர்கள் குறைவுதான், சில கிராமங்களில் தெருக்களே விட்டுப் போயிருக்கும். உங்கள் ஊரில் அப்படி இருந்தால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்கு ஒன்று தொடங்கி உங்கள் தெருக் கடையையோ குளத்தையோ நீங்களே சேர்க்கலாம், அடுத்து வருபவருக்குத் தெரியும். 2025-இல் நிர்வாகம் பற்றி வந்த கருத்து வேறுபாட்டில் ஒரு பகுதியினர் பிரிந்து கோமேப்ஸ் என்று தொடங்கினார்கள், இரண்டுமே நல்லவைதான். சென்னையில் இருப்பவர்கள் 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் ஆப்பையும் வைத்துக்கொள்ளுங்கள், மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட்.

கேலரி, காலண்டர், ஃபைல் மேனேஜர் மாதிரி சின்ன ஆப்களில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆப் நல்லதாகவே இருக்கும், ஒரு நாள் கைமாறிவிடும். சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்று ஒரு வரிசை ஆப்கள் இருந்தன, விளம்பரமில்லாதவை, திறமூலம், ரொம்பப் பேர் நம்பிப் போட்டது. 2023 கடைசியில் அதை உருவாக்கியவர், ஆப்களை விலைக்கு வாங்கும் ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். அதில் பங்களித்துக்கொண்டிருந்த இன்னொருவர் பழைய நிரலை எடுத்து ஃபாஸிஃபை என்ற பெயரில் தொடர்ந்தார், அதனால் இப்போது போடுவதென்றால் ஃபாஸிஃபை கேலரி, ஃபாஸிஃபை காலண்டர் என்றே தேடிப் போடுங்கள். இன்னும் மோசமானதும் நடந்திருக்கிறது. ஒரு கோடிக்கும் மேல் இறக்கப்பட்டிருந்த ஒரு பார்கோட் ஸ்கேனர், வருடக்கணக்கில் ஒழுங்காக இருந்துவிட்டு, 2020 டிசம்பரில் வந்த ஒரு அப்டேட்டோடு, தானே விளம்பரப் பக்கங்களைத் திறக்கும் தீநிரலாக மாறியது, 2021 பிப்ரவரியில் மால்வேர்பைட்ஸ் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அதை வெளியே சொன்னது. இதனால்தான் திறமூலத்தை இத்தனை தடவை சொல்கிறேன். கைமாறினாலும் பழைய நிரலை எடுத்து நடத்த இன்னொருவருக்கு வழி இருக்கிறது, ஃபாஸிஃபைக்கு நடந்தது அதுதான்.

இந்த மாதிரி ஆப்களுக்கென்றே எஃப்-டிராய்டு என்று ஒரு கடை 2010-இலிருந்து இருக்கிறது. ஒரு ஆப்பில் கண்காணிப்போ விளம்பரமோ இருந்தால் அங்கே பக்கத்திலேயே எச்சரித்து எழுதியிருப்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் அங்கிருந்து போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அப்பா அம்மா போனில் அதை நான் போடுவதில்லை. காரணம், அதைப் போட ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் நிறுவும் அனுமதியைத் திறக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை, ஆர்டிஓ சலான், பேங்க் கேஒய்சி என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (தொட்டால் ஆப்பாக நிறுவிக்கொள்ளும் ஃபைல்) அனுப்பி, ஓடிபியைத் திருடிப் பணத்தைச் சுருட்டும் மோசடி அதே கதவு வழியாகத்தான் வருகிறது. பெரியவர்கள் போனில் அந்தக் கதவு மூடியே இருக்கட்டும். மேலே சொன்ன திறமூல ஆப்கள் எல்லாமே ப்ளே ஸ்டோரிலும் கிடைக்கும்.

போன் நிரம்பிவிட்டது என்று 'கிளீனர்', 'பூஸ்டர்' ஆப் தேடுபவர்கள் கையைக் கட்டிப்போட வேண்டும் போல இருக்கும் எனக்கு. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியில் எந்த குரூப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திக் காட்டும், காலை வணக்கப் படங்களை அங்கேயே மொத்தமாக அழிக்கலாம். படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். இரட்டைப் பிரதிகளைக் கண்டுபிடிக்க ஃபைல்ஸ் பை கூகுள். இவ்வளவுதான், பூஸ்டர் எதுவும் வேண்டாம்.

டிஜிலாக்கர் இல்லாதவர்கள் உடனே போடுங்கள், 2015-இலிருந்து இருக்கும் மத்திய அரசின் ஆப். ஓட்டுநர் உரிமமும் ஆர்சியும் இதில் காட்டினால் போக்குவரத்துப் போலீஸ் ஏற்க வேண்டும் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் நிறைய பேர் கார்டை போட்டோ எடுத்து அதில் ஏற்றி வைத்துவிட்டு, இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது நீங்கள் ஏற்றிய படம், அவ்வளவுதான். 'இஷ்யூட்' என்ற பகுதிக்குள் போய், உரிம எண்ணைக் கொடுத்து, துறையிடமிருந்தே நேராக வரவழைத்த ஆவணத்துக்குத்தான் அசலுக்கு உள்ள மதிப்பு. ஆதாரில் கொடுத்த செல் நம்பர் இப்போது கையில் இருக்கிறதா என்றும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும்.

கடைசியாக சஞ்சார் சாத்தி. தொலைத்தொடர்புத் துறையுடையது, இணையதளம் 2023 மே மாதம், ஆப் 2025 ஜனவரியில் வந்தது. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம், தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். போன் தொலைந்தால், போலீஸ் புகார் நகலோடு, போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து அந்தக் கைபேசியையே எந்த சிம்மிலும் வேலை செய்யாதபடி முடக்கலாம். தொலைந்த பிறகு அந்த எண்ணைத் தேடுவது கஷ்டம், எத்தனையோ பேர் போன் வாங்கிய அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். இப்போதே *#06# என்று டயல் செய்யுங்கள், இரண்டு எண்கள் வரும், வீட்டில் எல்லோருடைய போனுக்கும் எடுத்து, காஸ் புத்தகம் வைத்திருக்கும் இடத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.